சத்தம் என்று மட்டும் போடுங்க

அவருடைய சிவப்புப் பேனாவை நூறு பேனாக்களுக்கு நடுவில் போட்டுக் கலக்கினாலும் என்னால் எடுத்துக் கொடுக்க முடியும். மூடியின் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் செலோடேப் சுற்றியிருக்கும். தினமும் காலை எட்டரை மணிக்கு நான் தட்டச்சு செய்த ஆங்கில ரிப்போர்ட்டை அவர் மேசையில் வைத்துவிட்டு நிற்பேன். உட்காரச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. தேவையில்லை என்று அவருக்குத் தோன்றிய சொற்களைக் கையால் கிறுக்கவும் மாட்டார். இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்து, நேராக வைத்து, கோடு போட்டு அடிப்பார். அந்த நிதானம்தான் என் வயிற்றெரிச்சல். கோபத்தில் அடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ.

இது நடந்தது குவைத்தில், இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். என் கணவருக்கு ஃபஹாஹீல் பக்கம் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை. நான் சென்னையில் கல்லூரி நாட்களில் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்தவள். பொழுதுபோக்காகச் சேர்ந்தது, இரண்டாம் நிலைத் தேர்வு வரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றில் பம்ப்புகளைப் பராமரிக்கும் ஒப்பந்தத்தை ஒரு ஜப்பானியக் கம்பெனி எடுத்திருந்தது. ஆட்களை அனுப்பியது எங்கள் கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். சிவப்புப் பேனாக்காரர் எங்கள் கம்பெனியின் சைட் மேனேஜர். சென்னைக்காரர், இன்ஜினியரிங் படித்தவர், வளைகுடாவுக்கு வந்து பதினெட்டு வருஷம் என்பதை வாரம் ஒரு முறையாவது சொல்பவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். பெயரை எழுதினால் அவருக்கு அது ஒரு பெருமையாகிவிடும்.

ஜப்பானியர் தரப்பின் தலைவரை ‘ஷோச்சோ’ என்போம். சைட் ஆபீசின் தலைவர் என்று பொருள். அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர். நான் சேர்ந்த முதல் வாரமே ஒரு தாளைக் கையில் கொடுத்தார். அதில் இருந்தவை முழுக்கச் சத்தச் சொற்கள். பம்ப்பின் பேரிங் எந்தச் சத்தம் போட்டால் உள்ளே என்ன கோளாறு என்று எதிரே எழுதியிருந்தது. பாடப் புத்தகத்தில் நான் படித்திருந்ததெல்லாம் மழைச் சத்தமும் நாய் குரைப்பும்தான். அவர் பொறுமையாக விளக்கினார். சொல்லின் முதல் எழுத்து கனத்தால் சத்தமும் கனக்கும், கொஞ்சம் அழுக்கும் ஏறும், அவ்வளவுதான் சூத்திரம் என்றார். ‘ஷரிஷரி’ என்பது குளிர்ந்த ஆப்பிளைக் கடிக்கும்போது வருவது. பேரிங்கில் அது கேட்டால் கிரீஸ் காய்கிறது என்று அர்த்தம். கிரீஸ் வைத்து இரண்டு நாள் கவனித்தால் போதும். ‘ஜரிஜரி’ என்பது கழுவாத சிப்பியைத் தின்னும்போது பல்லில் மணல் அரைபடுவது. அது கேட்டால் பேரிங்குக்குள் மண் போய்விட்டது. உடனே பம்ப்பை நிறுத்த வேண்டும். எழுத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றைக் கேட்டால் கவனிக்கலாம், மற்றதைக் கேட்டால் ஓட வேண்டும்.

அன்று மாலை ஃபஹாஹீல் சந்தையில் வாங்கிய கீரையைச் சரியாக அலசாமல் மசித்துவிட்டேன். முந்தின நாள் அடித்த தூசிக் காற்று கீரைக்கட்டில் மிச்சமிருந்தது. முதல் கவளத்திலேயே பல்லில் நறநறவென்றது. என் கணவர் முகத்தைச் சுளித்தார்; நானோ சந்தோஷத்தில் சிரித்தேன். ஷரிஷரி என்றால் சரசர. ஜரிஜரி என்றால் நறநற. இவ்வளவு நாள் இலக்கண வகுப்பில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதற்கு, கடல் தாண்டி வந்து ஒரு பம்ப் அர்த்தம் சொல்லிக் கொடுத்தது. கலகலப்பும் சலசலப்பும் ஒன்றா நமக்கு? தமிழ்க் காதுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று எனக்குள் ஒரு திமிரே வந்துவிட்டது.

அந்தக் காது, எங்கள் கம்பெனியில் பம்ப்புகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் அண்ணனிடம் இருந்தது. பரமக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காலை ஷிப்டில் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங்கின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு பம்ப்பாகக் கேட்டு வருவார். பிறகு என் மேசை முன்னால் வந்து, “ஒண்ணு சுத்தமா இருக்கு மேடம். ரெண்டு லேசா கிணுகிணுங்குது, போல்ட்டு லூசா இருக்கும். அஞ்சு உறுமுது, ஆனா அது பொறந்ததுலேருந்தே உறுமுது,” என்று வரிசையாகச் சொல்வார். நான் அதை ஆங்கிலத்தில் எழுதுவேன். பிறகு ஜப்பானியத்தில் எழுத வேண்டும். அண்ணன் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஷோச்சோவின் தாளில் அச்சாக ஒரு சொல் கிடைத்துவிடும். நடுவில் இருந்த ஆங்கிலத்தில்தான் தடுமாற்றம், நாலு சொல் போட்டு விளக்க வேண்டியிருக்கும்.

அந்த நாலு சொல்லைத்தான் சார் ஸ்கேல் வைத்து அடித்தார். “என்னம்மா இது, கதையா எழுதறீங்க? பல்லுல மண்ணு கடிபடற மாதிரியாம். சத்தம் என்று மட்டும் போடுங்க, போதும்.” அவர் கையெழுத்திட்ட ஆங்கிலத்தை மட்டுமே நான் ஜப்பானியத்தில் மாற்றலாம் என்பது கம்பெனியின் சட்டம். அவர் அடித்த எதையும் நான் சேர்க்கக் கூடாது. ஆகவே கிணுகிணுப்பு, உறுமல், சீறல் எல்லாம் ‘சத்தம்’ என்ற ஒரே சொல்லாகி ஷோச்சோவின் மேசைக்குப் போயின. ஒருமுறை ஷோச்சோ என்னைக் கேட்டார், இங்கே வெயிலில் எல்லாப் பம்ப்புக்கும் ஒரே குரல் ஆகிவிடுமா என்று. நான் சிரித்து மழுப்பினேன். அடிக்கப்பட்ட தாள்களை மட்டும் குப்பையில் போடாமல் ஒரு பைலில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், நான் அப்படிப்பட்டவள். எதையும் சும்மா விடுவது என் பழக்கமில்லை.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டங்களில் சார் பேசுவதை நான் உள்ளபடி மாற்றிச் சொன்னதே கிடையாது. “உங்க ஆளுங்க லேட் பண்ணிட்டு எங்களைக் குத்தம் சொல்றதா?” என்று அவர் ஆங்கிலத்தில் சீறினால், “எங்கள் தரப்பிலும் குறை இருந்திருக்கலாம், சேர்ந்து பார்ப்போம்,” என்று ஜப்பானியத்தில் போய்ச் சேரும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஜப்பானியருக்கு உரிய பணிவை நானே பூசி அனுப்புவேன். மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான். வேலை நடக்க வேண்டுமே. இரண்டு வருஷத்தில் ஜப்பானியர்களுக்கு அவர் மேல் தனி மதிப்பே வந்துவிட்டது. வருஷக் கடைசியில் அவருக்கு மட்டும் பீங்கான் தேநீர்க் கோப்பை பரிசளித்தார்கள். “இவங்களை எப்படி ஹேண்டில் பண்ணணும்னு ஒரு டெக்னிக் இருக்கு,” என்று அதில் டீ குடித்தபடி என்னிடமே சொன்னார்.

ஒரு ஜூன் மாதம், இரண்டு நாள் விடாமல் தூசிப் புயல். அது அடங்கிய காலையில் அண்ணன் வந்து, “மூணாம் நம்பர் சரசரங்குது மேடம்,” என்றார். எழுதினேன், அடிக்கப்பட்டது, ‘சத்தம்’ என்று போனது. மறுநாள், “இன்னும் கூடியிருக்கு.” மறுபடி ‘சத்தம்’. மூன்றாம் நாள் அவர் என் மேசைக்கு வரும்போதே முகம் சரியில்லை. “நறநறங்குது மேடம். உள்ள மண்ணு போயிருச்சு. இதை ஓட்டக் கூடாது, நிப்பாட்டச் சொல்லுங்க.” நான் ரிப்போர்ட்டோடு நில்லாமல் சாரிடம் வாயாலும் சொன்னேன். நிலையத்தில் தண்ணீர்த் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம், ஒரு பிட்டர் சொல்வதைக் கேட்டுப் பம்ப்பை நிறுத்த முடியுமா என்றார். ஸ்கேலை எடுத்தார். மூன்று நாளும் ஒரே சொல்லைப் பார்த்த ஷோச்சோ, நிலைமை மாறவில்லை என்று நினைத்திருக்கிறார். வேறு என்ன நினைப்பார்?

நான்காம் நாள் காலை அண்ணன் மூன்றாம் நம்பரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு இருந்தபோது பேரிங் இறுகி, சுழல் தண்டு முறிந்து, மேல் மூடி பிய்த்துக்கொண்டு வந்தது. அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மயக்கம் தெளிந்திருந்தார். “மேடம், நிப்பாட்டச் சொன்னேன்ல?” என்றார். ஆமாம் அண்ணே என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

சார் அன்று மதியமே விபத்து அறிக்கையை எழுதி முடித்துவிட்டார். சத்தத்தில் ஏற்பட்ட மாறுதலைப் பிட்டர் தெரிவிக்கத் தவறினார் என்பது அதில் இரண்டாவது வரி. அது நின்றால் விபத்து அவருடைய சொந்தத் தவறு. வேலை போகும், விசா போகும், எட்டு விரலோடு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். இது எப்படி நியாயம் என்று சாரிடம் கேட்டேன். “அவனுக்கு இங்க என்ன கரியர் இருக்கு? நமக்கு அப்படியாம்மா? நீங்க எதுவும் பேசாம இருங்க, உங்க பேரை நான் எங்கேயும் கொண்டு வரல,” என்றார். எனக்கு உபகாரம் செய்கிறாராம். உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. இந்த மனிதரை விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். நியாயம், தர்மம் எல்லாம் பிறகு ஒட்டவைத்த பெயர்கள். அந்த நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது பழி.

விசாரணைக்கு டோக்கியோவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சைட்டில் ஆபீசாக வைத்திருந்த தகர அறையான போர்ட்டா கேபினில் நீள மேசை, எதிரே அவர்களும் ஷோச்சோவும், இந்தப் பக்கம் சார், முனையில் நான். ஷோச்சோ மூன்று நாள் ரிப்போர்ட்டையும் விரித்து வைத்துக் கேட்டார்: “இந்தச் சத்தம் ஷரிஷரியா, ஜரிஜரியா?” இரண்டையும் அப்படியே சொல்லி, வித்தியாசத்தையும் சாருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். சத்தம் என்றால் சத்தம், இரண்டும் ஒன்றுதான், இதெல்லாம் குழந்தைப் பேச்சு, இன்ஜினியர் கேட்கிற கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் தணிந்த குரலில், “இந்தக் கெழவனுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிங்கம்மா,” என்றார்.

வழக்கமான வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ‘சத்தத்தின் வேறுபாட்டைப் போதிய அளவு பதிவு செய்யாதது எங்கள் குறை, வருந்துகிறோம்.’ அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் தலை குனிந்து வணங்கிக் கலைந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. அவர் பேசியதை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை உள்ளபடியே ஜப்பானியத்தில் சொன்னேன். பணிவு விகுதி ஒன்றுகூடச் சேர்க்கவில்லை; அவர் சேர்த்திருந்தால் அல்லவா நான் சேர்க்க. தமிழில் சொன்னதையும் விடவில்லை. கிழவருக்கு ஜப்பானிய மொழியில் மரியாதையான சொல்லும் உண்டு, மரியாதை கெட்ட சொல்லும் உண்டு. எது சரியான மொழிபெயர்ப்போ அதைப் போட்டேன். டோக்கியோக்காரர்களின் பேனா நின்றது. ஷோச்சோ என்னைத்தான் பார்த்தார். கோபமில்லை, யாரையோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு, பிட்டர் உண்மையில் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று என்னையே கேட்டார். எழுந்து போய்ப் பைலைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் என் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. ஸ்கேல் வைத்து அடித்ததில் அது ஒரு வசதி.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு அண்ணனை வரவழைத்தார்கள். மூன்று நாளும் என்ன கேட்டது என்று ஷோச்சோ சைகையில் கேட்க, அண்ணன் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டினார். முதல் நாளுக்கு ஒன்று, மூன்றாம் நாளுக்கு வேறொன்று. ஷோச்சோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து நின்று அவருக்குத் தலை வணங்கினார். என் உதவி அங்கே தேவைப்படவே இல்லை. அறிக்கையின் இரண்டாவது வரி நீக்கப்பட்டது. அண்ணனுக்கு மருத்துவம் முழுவதும் கம்பெனி பார்த்தது. பம்ப்புகளைக் காதால் சோதிக்கும் வேலையில் அதே சைட்டில் நீடித்தார். சாரை அந்த வாரமே ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் என்னை வாசலில் பார்த்து நிறுத்தினார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், ஆசையாகக்கூட எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. “ரெண்டு வருஷமா எவ்வளவு அழகா மாத்தி மாத்திச் சொல்லிட்டிருந்தீங்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? மாத்திச் சொல்லத் தெரிஞ்ச நீங்க அன்னைக்கு மட்டும் ஏம்மா உள்ளதைச் சொன்னீங்க?” என்றார். எல்லாம் தெரிந்தேதான் என் முதுகில் சவாரி செய்திருக்கிறார். அதைக் கேட்டதும் கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் போனது. வெளியே வந்து பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாதி வழி வரும்வரை வெற்றியாகத்தான் இருந்தது.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வேலையைக் காட்டியது. அவர் தனக்காகக் கேட்டார். அது என் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கோபம் வந்தபோது ஒரு சட்டமும் பார்க்காமல் உள்ளபடி சொல்ல என்னால் முடிந்திருக்கிறது. நாலு தப்படி நடந்து ஷோச்சோவின் அறைக்குப் போய், ‘ஜரிஜரி’ என்று ஒரே ஒரு சொல் சொல்ல அந்த மூன்றாம் நாள் காலையிலும் முடிந்திருக்கும். அண்ணன் நிப்பாட்டச் சொன்ன பம்ப்புக்கு எதிரே ‘சத்தம்’ என்று ஜப்பானிய எழுத்தில், அழகாக, எழுதிய கை என்னுடையது. இதை எனக்குக் காட்டிக் கொடுத்ததற்காகவே சாரை நான் இன்னும் கூடுதலாக வெறுக்கிறேன். நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம்; இப்போது எனக்குச் சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அதே மொழிபெயர்ப்பு வேலை. யார் பேச்சையும் நான் மெருகேற்றுவதில்லை, அதனால் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. அண்ணனும் பரமக்குடிப் பக்கம் திரும்பிவிட்டார். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். என் பிள்ளைகளை விசாரிப்பார், மழை பெய்ததா என்பார். அன்றைக்கு மட்டும் ஏன் உள்ளதைச் சொன்னீங்க என்று கேட்க உரிமையுள்ள ஒரே மனிதர் அவர். இதுவரை கேட்டதில்லை.