ஃபேன் விழும் என்று சொன்ன குரல்

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே சத்தம் கேட்டாலும் காதைச் சாய்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் பதினொரு வயது மகள், யாரோ தன் காதுக்குள் பேசுவதாகச் சொன்னதும், அவள் அறையிலிருந்த ரேடியோவையும் கடிகாரத்தையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தார். குரல் நிற்கவில்லை, கடிகாரம் நின்றுவிட்டது.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவி, கழற்ற இனி எதுவும் மிச்சமில்லையென்றால் டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டாள். டாக்டர் எல்லாப் பரிசோதனைகளையும் முடித்து, குழந்தைகளுக்கான உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

அங்கே எல்லாம் குட்டி நாற்காலிகள். மெக்கானிக் முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். நிபுணராக இருந்த பெண், குரல் பொய் என்று சொல்லவில்லை. நிறையப் பிள்ளைகளுக்கு இப்படிக் கேட்பதுண்டு என்றாள். எப்போது வருகிறது, என்ன சொல்கிறது, பத்துக்கு எத்தனை பயம் என்று பொறுமையாக விசாரித்தாள்.

"கிளாஸ்ல எழுந்து பதில் சொன்னா என் தலைமேல ஃபேன் விழும்னு சொல்லுதுக்கா," என்றாள் மகள். பயம் ஒன்பது. மூன்று மாதமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை.

வகுப்பில் ஒரே ஒரு பதில் சொல்லிப் பார்த்து, ஃபேன் என்ன செய்கிறது என்று எழுதி வர வேண்டும் என்றாள் நிபுணர். டீச்சரிடமும் சொல்லி வைத்தார்கள். மெக்கானிக் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மறுநாள் அரைநாள் லீவு போட்டு, தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, அந்த வகுப்பின் நான்கு ஃபேன்களின் திருகுகளையும் ஏணி போட்டு இறுக முடுக்கிவிட்டு வந்தார்.

மகள் பதில் சொன்னாள். ஃபேன் விழவில்லை. பயம் மட்டும் ஒன்பதிலேயே நின்றது.

"அப்பா முடுக்கிட்டாரு, அதான் விழல," என்றாள்.

நிபுணர் அவர் பக்கம் திரும்பினாள். "சார், நல்ல மனசோடதான் செஞ்சிருக்கீங்க. ஆனா குரல் சொன்னதுக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

அடுத்த முயற்சி, அவர் கை படாத ஃபேன் ஓடும் அறிவியல் ஆய்வகத்தில். அந்த வாரம் முழுக்க அவர் பள்ளிப் பக்கமே போகக் கூடாது. கை சும்மா இருக்காமல் சமையலறைக் குழாயை முடுக்கி உடைத்தார். மனைவி ஸ்பேனர்களையெல்லாம் கைப்பையில் போட்டு ஆபீசுக்கே எடுத்துப்போனாள்.

வெள்ளிக்கிழமை மகள் எழுந்து, திமிங்கிலம் ஒரு மீன் என்றாள். வகுப்பு சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் அப்பா வீட்டு வாசலிலேயே நின்றார்.

"விழுந்துச்சாம்மா?"

"இல்லப்பா. பதில்தான் தப்பு."

பயம் நான்குக்கு இறங்கியிருந்தது. அப்பாவின் பயம் எத்தனை என்றும் நிபுணர் கேட்டாள். போன வாரம் பத்து, இப்போது ஆறு என்றார் அவர். அவள் அவருக்கும், பயத்தை எழுதி வர ஒரு தாளை நீட்டினாள்.

குரல் அடியோடு போய்விடவில்லை. பரீட்சை நெருங்கினால் எட்டிப் பார்க்கும். "கணக்கு போட்டுட்டு இருக்கேன், அப்புறம் வா" என்று அனுப்பிவிடுகிறாளாம். சில நாள் அது விடையும் சொல்கிறதாம், பெரும்பாலும் தப்பு.