ஒற்றைக் காலில் ஏறிய உப்பு

என் வலது கால் எரியாமல் போன அன்று நான் சந்தோஷப்பட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

மரக்காணம் உப்பளத்தில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு முதல் எதிரி கால்தான். பாத்தித் தண்ணீரில் நின்று உப்பு வாரினால் பாதம் வெடிக்கும். வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கினால் உயிர் போய் உயிர் வரும். வீட்டுக்கு வந்து நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு அழ வேண்டியதுதான். பிறகு ஒருநாள் எரிச்சல் அடங்கிவிடும். 'உப்பு ஏறிடுச்சு' என்பார்கள். அப்படி ஏறியவளுக்கு, உடன் வேலை செய்கிற பெண்கள் ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். அதற்கப்புறம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது மேஸ்திரி அவளைத்தான் முதலில் கூப்பிடுவார். எனக்கு நிலமா, நகையா? இருந்த சொத்து இரண்டு கால்கள்தான்.

எழுபதுகளின் நடுவில், எனக்கும் அந்த வெல்லம் கிடைத்தது. வாயில் போட்டுக்கொண்டு வலது காலைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னொரு காலு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது இன்னும் எரியுது. ஒண்ணொண்ணாதானே ஏறும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த வருடமே எங்கள் குப்பத்தில் வீடு வீடாகத் தோலைப் பார்க்க ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். என் வலது முழங்காலுக்குக் கீழே தேமல் மாதிரி வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொட்டாராம். தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார்.

"தொட்டீங்களா என்ன?" என்றேன்.

அவர் என் புருஷனைப் பூவரச மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார், ஏதோ எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்தவனிடம் என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. உப்பு ஏறின காலுன்னு சொல்லிட்டாரு. நீ வேலையப் பாரு," என்றான். கட்டினவன் சொன்னால் நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அதற்கப்புறம் அவனிடம் சின்னச் சின்ன மாற்றங்கள். தன் டம்ளரில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டான். "ஐயே, பெரிய ஜமீன்தாரு!" என்று கேலி செய்தேன். புழுக்கம் என்று கட்டிலை வெளியே போட்டுக்கொண்டான். பெருமுக்கலில் பள்ளிக்கூடம் நல்லா இருக்குது என்று எங்கள் மகளைத் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். மகளைப் பற்றி அவனுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் பூரித்துப் போனேன். அட பைத்தியக்காரி!

ஒரு வருடம் போனது. ஒரு நாள் காலையில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பாத்திக்காரி கத்தினாள். "ஏய், தண்ணியெல்லாம் ரத்தம்டி!" கரையில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தேன். வலது பெருவிரலுக்கு அடியில் உடைந்த பாட்டில் துண்டு ஆழமாக ஏறியிருந்தது. சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டு நடந்தேனோ, தெரியாது.

"உப்புத் தண்ணியில ரத்தக் காயம்! உனக்கு எரியவே இல்லியா?" என்று கேட்டவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவளே என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் காயத்தை ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு என் முழங்கால் பக்கத்து நரம்பைத் தடவினார், முழங்கையைத் தடவினார்.

"ரெண்டு காலும் மரத்துப்போச்சாம்மா?"

"வலது கால் மட்டுங்க. உப்பு ஏறிடுச்சுங்க."

"ரெண்டு காலும்தானே தண்ணியில நிக்குது? உப்பு ஒரு கால்ல மட்டும் எப்படிம்மா ஏறும்?"

அவர் என் ஊரையும் பேரையும் கேட்டு ஒரு பெரிய நோட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, உன் பேரு போன வருஷமே இருக்குதே! வீட்டுக்காரர் கையில சீட்டு குடுத்தனுப்பியிருக்காங்க. நீ ஏன் வரல?"

நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் படித்தவள் நான். என் பேருக்கு நேராக, மாதா மாதம், 'வரவில்லை', 'வரவில்லை', 'வரவில்லை'.

"குஷ்டமா சார்?"

"தொழுநோய். மாத்திரையில அடங்கிடும், பயப்படாதே. தொட்டா ஒட்டிக்காது. ஆனா செத்த நரம்பு திரும்பாது. அப்பவே வந்திருந்தா கால்ல உணர்ச்சி போகாம பாத்திருக்கலாம். இந்த விரலு இனிமே நிக்காது."

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்கு வந்து வாசலிலேயே கேட்டேன்.

"சீட்டு எங்கய்யா?"

அவன் கண் கூரைக்குப் போனது. ஓலைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"என் தங்கச்சி கல்யாணம் இருந்துச்சு. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

"கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சேய்யா!"

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். நான் விடவில்லை. "உனக்குத் தனி டம்ளரு, தனிக் கட்டிலு. புள்ளையப் பிரிச்சு அனுப்பிட்டே. என்னை மட்டும் தண்ணியில நிக்க வெச்சியே, பாவி! இவ்ளோ பயந்தவன் இந்தக் கையால ஆக்கின சோத்த மட்டும் எப்படிய்யா துன்னே?"

தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான். "சோறு கொதிக்குதில்ல. சூட்டுல எல்லாம் செத்துடும்."

அப்படியானால் உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்திருக்கிறான். டம்ளர், கட்டில், பிள்ளை, சோற்றின் சூடு வரைக்கும். என் கால் மட்டும் அவன் யோசனையில் வரவே இல்லை.

அன்று நான் அடுப்புப் பற்றவைக்கவில்லை.