நாய்க்கும் ஒரு கறுப்பு ரிப்பன்

டோரின் ஹெப்வொர்த் செத்துப்போன மறுநாள் காலையில் ஷெஃபீல்ட் சந்தைக்கு மீன் வாங்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். மீன்காரர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"நேத்து ராத்திரி உங்களுக்காக எங்க வீடே அழுதுச்சு. என் பொண்டாட்டி சாப்பிடக்கூட இல்ல. நீங்க என்னடான்னா இங்க வந்து நின்னு மீன் வெல கேக்கறீங்க!"

"செத்தாலும் பசிக்குதே, என்ன பண்றது? தோலோட குடுங்க" என்றாள் டோரின்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தது, 'கால்வாய்க்கரை' என்ற தொலைக்காட்சித் தொடரில் வந்த நெல்லி டைசன். அந்த நெல்லியாக இருபது வருஷம் நடித்தவள் டோரின். நான் ஜாய்ஸ், அந்தத் தொடரின் உடை அறை என் பொறுப்பில் இருந்தது. நெல்லி மாரடைப்பில் போனாள் என்று ஊரே நம்பியது. அவளைக் கொன்றவனுக்கு நான்தான் கால்சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டோரின் பார்ன்ஸ்லிக்காரி. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு ஸ்கார்பரோ கடற்கரையில் இருந்த ஒரு நாடகக் கொட்டகையில் போய்ச் சேர்ந்தாள். அங்கே வாரத்துக்கு ஒரு நாடகம். இந்த வார நாடகத்தைச் சாயங்காலம் நடித்துக்கொண்டே, அடுத்த வாரத்து நாடகத்தைப் பகலில் மனப்பாடம் செய்ய வேண்டும். மேடையைப் பெருக்க வேண்டும். ஊரில் இருக்கிற சாமான் கடைக்குப் போய் இளித்துப் பேசி ஒரு சோபாவை இரவல் வாங்கி வர வேண்டும். ஒரு வாரம் வேலைக்காரி, மறுவாரம் சீமாட்டி, இரண்டுக்கும் அதே நீலப் பாவாடை. தங்கியிருந்த வீட்டுக்காரம்மா காலையில் ஒரே ஒரு துண்டு பன்றி இறைச்சி வறுத்துப் போட்டுவிட்டு, அதையும் ஏதோ தானம் செய்வதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பாளாம்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "திங்கக்கெழமைக்குள்ள ஒரு நாடகத்த மறக்கணும், இன்னொண்ண படிக்கணும். இதுல புருஷன எங்க சொருகறது?" என்பாள்.

அந்தக் கொட்டகையில் அவள் கற்றுக்கொண்ட ஒரு வித்தைதான் பின்னால் அவளுக்கே வினையாக வந்தது. கூட நடிப்பவர் வசனத்தை மறந்து விழித்தால், பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுப்பாள். தன் பாத்திரம் பேசுவது போலவே ஏதாவது கேட்பாள், அந்தக் கேள்விக்குள் அவர் சொல்ல வேண்டியது இருக்கும். தன் வசனத்தை மட்டுமல்ல, மேடையில் இருக்கிற எல்லாருடைய வசனத்தையும் படித்து வைத்திருப்பாள்.

வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி வந்ததும் கொட்டகையை இழுத்து மூடினார்கள். டோரின் ஷெஃபீல்டுக்கு வந்தாள். 'கால்வாய்க்கரை'யில் கொஞ்ச நாள் வந்து போகிற வேடம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். தெருமுனை வீட்டு நெல்லி, அவள் புருஷன் வால்டர். ஜனங்களுக்கு அந்த ஜோடியைப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாள் இருபது வருஷம் ஆனது.

வால்டராக நடித்தவன் நார்மன் கிரேவ்ஸ். தொழிலாளர் மன்றங்களில் பீர் குடிப்பவர்கள் நடுவே நின்று நகைச்சுவை சொல்லிப் பிழைத்தவன். பேச்சில் தேன் ஒழுகும். என்னைக் 'கண்ணு' என்பான், காபி கொண்டுவருகிற பெண்ணையும் 'கண்ணு' என்பான். ஆனால் ஒரு வசனம்கூட அவன் மண்டையில் நிற்காது. வால்டர் எந்நேரமும் செய்தித்தாளும் கையுமாக இருப்பதைப் பார்த்து, தொழிலாளி என்றால் இவர்தான் தொழிலாளி என்று ஒரு பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார்கள். அந்தச் செய்தித்தாளுக்குள்தான் அவன் வசனத்தை ஒட்டி வைத்திருந்தான். ஒட்டியது விழுந்துவிட்டால் டோரின் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். "மறுபடியும் குதிரப் பந்தயத்துக்குத்தானே போயிட்டு வர்ற? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்பாள் நெல்லி. "ஆமா நெல்லி, குதிரப் பந்தயத்துக்குத்தான்" என்று அவன் பிடித்துக்கொண்டு கரையேறுவான். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

நெல்லி செத்த வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் லண்டனிலிருந்து டோரினுக்கு அழைப்பு வந்தது. ஸ்கார்பரோவில் அவளோடு மேடை பெருக்கிய ஒருவர் இப்போது அங்கே பெரிய இயக்குநர். புது நாடகம். திரை தூக்கியதிலிருந்து இறக்கும்வரை மேடையை விட்டு இறங்காத ஒரு கிழவியின் வேடம். டோரின் ஓடிவந்து என் உடை அறைக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு அன்றைக்கு அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. பதினாறு வயசுப் பெண் மாதிரி மூச்சு வாங்கினாள்.

"நான் போறேன் ஜாய்ஸ். இதுக்காகத்தான் இத்தன நாளா இருந்தேன்னு தோணுது."

தொடரிலிருந்து விலகப் போவதாக முதலில் நார்மனிடம்தான் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலமே அவள் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறான். 'நீ போனா வால்டருக்கு என்ன கத இருக்கு? என்னையும் சேத்துத் தூக்கிருவாங்க. இந்த வயசுல எவன் எனக்கு வேல குடுப்பான்? என் வசனமே உன் வாயிலதானே இருக்கு கண்ணு.'

மறுநாள் அவள் என்னிடம் வந்து, "என்ன நம்பித்தான் இருக்கான், பாவம்" என்றாள்.

"நம்பி இல்லடி, தொத்திக்கிட்டு. எடுத்து உதறு" என்றேன்.

உதறவில்லை. லண்டனுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்த வேடம் வேறொருத்திக்குப் போனது. அந்த நாடகம் ஓடோ ஓடென்று ஓடியது. கோடையில் நாங்கள் இரண்டு பேரும் ரயிலேறிப் போய் மேல்மாடியில் உட்கார்ந்து பார்த்தோம். நாடகம் முழுக்க டோரினின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மொத்த நாடகத்தையும் அவள் படித்து வைத்திருந்தாள். திரும்பி வரும்போது, "நல்லா பண்ணா" என்றாள்.

அடுத்த வருஷம் இலையுதிர்காலம். ஒருநாள் காலை, வாடகைக்குத் துணி தருகிற கடையிலிருந்து வண்டி வந்து ஒரு குவியல் கறுப்புக் கோட்டுகளை என் அறையில் இறக்கியது. அலுவலகத்தில் என்னைக் கேட்காமல் நேராகச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். தொடரில் ஒரு சாவு வரப்போகிறது என்று அதிலிருந்தே புரிந்தது. எழுதிய வசனம் நடிகர்கள் கைக்குப் போவதற்கு முன்னால் துணி என் கைக்கு வந்துவிடும். உடை அறையில் இருப்பவள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் அங்கே வழக்கம். ஒவ்வொரு கோட்டிலும் பெயர்ச்சீட்டு குத்தியிருந்தது. முதல் ஆளாக நார்மன் அளவு பார்க்க வந்தான். அவனை முக்காலி மேல் நிற்க வைத்துக் கால்சட்டை ஓரத்தை மடித்து, சுற்றிலும் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கோட்டுகளை மாட்டும்போது டோரின் பெயர் எங்கேயும் கண்ணில் படவில்லை.

நிமிர்ந்து நார்மன் முகத்தைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். அப்போது கதவு திறந்தது. டோரின், கையில் இரண்டு கோப்பைத் தேநீரோடு.

"அட, யாருக்கு சாவு?" என்றாள் உற்சாகமாக. சாவுக் காட்சி என்றால் எல்லாருக்கும் நல்ல வேலை.

"தெரியலையே கண்ணு" என்றான் நார்மன்.

அவள் கோப்பைகளை வைத்துவிட்டு கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். தொடரில் வருகிற சாராயக்கடைக்காரர், பால்காரர், பாதிரியார், எதிர்வீட்டு வாயாடி, அவள் மருமகள். கடைசியில் ஒரு கறுப்பு ரிப்பன் தொங்கியது. அதில் சாராயக்கடை நாயின் பெயர் இருந்தது. டோரின் முதலிலிருந்து இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

"எனக்கு எங்க ஜாய்ஸ்?"

அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே, "நாய்க்குக்கூட இருக்கு" என்றாள். அப்புறம் நார்மனைப் பார்த்தாள். அவன் இறங்கி ஓடியிருப்பான், கால் முழுக்க ஊசி.

"உனக்குத் தெரியும்."

"டோரின், கேளு. ரூபர்ட் கூப்பிட்டான்." ரூபர்ட் புதிதாக வந்திருந்த தயாரிப்பாளர், மீசைகூடச் சரியாக முளைக்காத பயல். "ஜோடி பழசாயிடுச்சு, ரெண்டு பேரையும் அனுப்பிடலாம்னான். நான் என்ன பண்ணுவேன்? ஒருத்தராவது பொழைக்கட்டும்னு..."

"அந்த ஒருத்தர் யாருன்னு யாரு முடிவு பண்ணா?"

அவன் மறுபடி கூரையைப் பார்த்தான்.

"ரூபர்ட்டா? வாயத் தொறந்து சொல்லு நார்மன்."

"பொண்டாட்டி போன ஆம்பளன்னா நெறைய கத பண்ணலாம்னு... சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அவன் அதையே பிடிச்சுக்கிட்டான்."

"லண்டனுக்குப் போறேன்னேன். என் அடுப்படியில வந்து அழுத."

"அப்ப நெஜமாத்தான் அழுதேன் கண்ணு!"

அதைக் கேட்டதும் ஓங்கி ஒரு ஊசியை ஏற்றினேன். கை தவறியதாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். டோரின் அவனுக்குக் கொண்டுவந்த தேநீரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். மற்ற நடிகர்களுக்கும் தெரிந்திருந்தது என்பது பிறகு தெரியவந்தது. தினமும் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

உடம்பு சரியில்லை என்று அவள் வராமல் இருந்திருக்கலாம். நான் அதைத்தான் சொன்னேன். "ஸ்கார்பரோவுல காய்ச்சல்னு படுத்தா அடுத்த வாரம் வேல இருக்காது ஜாய்ஸ். பழகிப்போச்சு" என்றாள். சாகும் காட்சிக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

காட்சி படுக்கையறையில். நெல்லி கட்டிலில் கிடக்கிறாள், வால்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கையில் பெண்டாட்டி இருப்பதால் செய்தித்தாளுக்கு இடமில்லை. முந்தின நாளே நார்மன் என்னிடம் வந்தான்.

"ஜாய்ஸ் கண்ணு, அந்தப் போர்வ ஓரத்துல ஒரு துண்டுக் காகிதம் வெச்சுத் தெச்சுக் குடேன்."

"தையல் மெஷின் ரிப்பேர்" என்றேன். என் பின்னால் உதவிப் பெண்ணின் கையில் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

படப்பிடிப்புத் தளத்தில் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். அடுத்த அறையில் அவளை வழியனுப்பத் தேநீர்க் கெட்டில் வடிவத்தில் கேக் தயாராக இருந்தது. விளக்கு எரிந்தது. நெல்லி கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள்.

"நல்லா வெச்சுக்கிட்ட வால்டர். ஒருநாளும் என்னக் கைவிட்டதில்ல."

எழுதிக் கொடுத்த வசனம்தான். ஒரு சொல் மாற்றவில்லை. குரலில் குத்தல் இல்லை, முகத்தில் கோபம் இல்லை. கட்டின புருஷனிடம் விடைபெறுகிறவள் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். என் பக்கத்தில் நின்ற விளக்குக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்தது வால்டரின் நீண்ட வசனம். அது முடிந்ததும் நெல்லி கண்ணை மூட வேண்டும்.

"நெல்லி..." என்று தொடங்கினான் நார்மன். அதோடு நின்றது. அந்தப் பழைய பார்வையை அவள் பக்கம் வீசினான். அவன் சொல்ல வேண்டியது எழுத்துக்கு எழுத்து அவளுக்குத் தெரியும். 'நாம முதல்ல பாத்த நாள் ஞாபகமிருக்கா?' என்று முனகியிருந்தால் போதும். அவள் அவனைப் பார்த்து நெல்லியின் சிரிப்பைச் சிரித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"நெல்லி" என்றான் அவன். குரல் உடைந்தது. "நெல்லி, ஏதாவது சொல்லு. நெல்லி... என்ன சொல்லணும்னு சொல்லு. இப்பிடிப் பண்ணாத. சொல்லு நெல்லி!"

அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் அசையவில்லை. நெற்றியில் வியர்த்து, உதடு கோணி, கடைசியில் ஓவென்று அழுதுவிட்டான். இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

காட்சி முடிந்து எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குள் டோரின் எழுந்து, நெல்லியின் இரவு உடுப்போடு நேராக என் அறைக்கு வந்துவிட்டாள். கேக்கை அவர்களே வெட்டித் தின்றார்கள். அந்த மாதக் கடைசியில் நானும் வேலையை விட்டேன்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மறுநாள்தான் மீன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். நாடே அழுததாகப் பத்திரிகைகள் எழுதின. நார்மனை, வசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நெஞ்சிலிருந்து பேசிய மகா நடிகன் என்றார்கள். அடுத்த வருஷம் சிறந்த நடிகருக்கான பரிசை நார்மனுக்குக் கொடுத்தார்கள். அவன் ரூபர்ட்டுக்கு நன்றி சொன்னான், எழுதியவர்களுக்கு நன்றி சொன்னான், ரசிகர்களைக் 'கண்ணுகளா' என்றான். டோரின் பெயர் வரவில்லை.

டோரினுக்கு லண்டனிலிருந்து மறுபடி அழைப்பு ஏதும் இல்லை. செத்துப்போன நெல்லியை வேறு வேடத்தில் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை என்றார்கள். அவனுக்குப் பரிசு கிடைத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு டான்காஸ்டரில் குழந்தைகள் நாடகம் ஒன்றில் பொல்லாத மந்திரக்காரி வேடம் கிடைத்தது. அவள் மேடைக்கு வந்தாலே பிள்ளைகள் ஊளையிட வேண்டும், அதுதான் அந்த வகை நாடகத்தின் முறை. உடுத்திவிட நான் கூடப் போனேன். ஒருநாள் பகல் ஆட்டத்துக்கு முன் நார்மன் வந்து நின்றான். கக்கத்தில் துணி சுற்றிய பரிசு.

"இதுல பாதி உன்னுதுதான் டோரின். மேடையில சொல்ல மறந்துட்டேன்."

"நீ மறக்கறது புதுசா?" என்றாள் அவள், கண்ணாடியில் மூக்குக்குப் பச்சை பூசிக்கொண்டே.

அவன் உட்காரவில்லை. பரிசை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னிக்கு நான் முழிச்சேன், நீ பாத்த. இருபது வருஷமா எடுத்துக் குடுத்தவ, அன்னிக்கு ஏன் எடுத்துக் குடுக்கல?"

டோரின் திரும்பி அவனை நேராகப் பார்த்தாள்.

"செத்தவ எப்பிடி நார்மன் எடுத்துக் குடுப்பா?"

பிறகு எழுந்து நின்று, எனக்கு முதுகைக் காட்டினாள். "பட்டனப் போடு ஜாய்ஸ், கூப்பிட்டுட்டாங்க."