நின்ற இடத்திலேயே நடை

ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் அந்தச் சங்கத்தில், சாமான் அறை அக்காவின் பொறுப்பு. எல்லோருக்கும் அவள் அக்காதான், சங்கத் தலைவருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன் அவளும் ஒற்றைப் பையோடு இதே வாசலில் வந்து நின்றவள். அன்று அவளுக்குக் கிடைத்தது ஒரு இஸ்திரிப் பெட்டி. தேய்த்துப் போட மாற்றுத்துணிதான் இல்லை. அதிலிருந்தே தானம் கொடுப்பவர்கள் மேல் அவளுக்கு மரியாதை கொஞ்சம் குறைவுதான்.

"அவங்க வீட்ல இடத்தை அடைக்கிறதெல்லாம் நமக்குப் புண்ணியமா வந்து சேருது" என்பாள்.

போன வாரம் ஒரு புண்ணியவான் டிரெட்மில் அனுப்பினார். யாராவது அதில் நடக்கிற போட்டோவும் வேண்டுமாம்.

"பெரிய மனுஷன்க்கா, மனசு நோகக் கூடாது" என்று தலைவர் கெஞ்சினார்.

அன்று சாமான் போகவேண்டிய ஒரே வீடு, பதினோரு நாள் நடந்தே எல்லை தாண்டி வந்தவர்களின் வீடு. அக்கா தலைவரைத் திட்டிக்கொண்டே வண்டியில் ஏற்றினாள்.

மூன்று மாடி தூக்கி வந்து வைத்ததும், அந்த வீட்டுக்காரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது எதுக்குக்கா?"

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "நடக்கிறதுக்கு" என்றாள்.

"நடந்தா எங்க போகும்?"

"எங்கயும் போகாது. நாள் பூரா நடந்தாலும் இதே ரூம்லதான் இருப்ப."

வீட்டுக்காரி உள்பக்கம் தாழிட்டிருந்த கதவைப் பார்த்தாள். பாயில் தூங்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின் மேல் ஏறி நின்றாள்.

"அப்படின்னா சுவிட்சைப் போடுங்கக்கா."