காணாமல் போகாத நடுகல்

லாங் பஜாரில் கல்வெட்டுப் படியெடுக்கத் தாள் வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் வரலாற்றுக் குழு நண்பர் ஹனீஃபா போன் செய்தார். "சகுந்தலா மேடம் போய்ட்டாங்க சார்" என்றார். தாள் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன். குழுவில் மேடத்தோடு சண்டை போடாத ஆள் கிடையாது. அத்தனை பேரும் அன்று அவர் வீட்டு வாசலில் நின்று அழுதோம்.

ஆம்பூர் பக்கத்து ஏரிக்கரையில் மேடம் செய்தது வெளியே அதிகம் தெரியாது. தோல் தொழிற்சாலை லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். வில்லேந்திய வீரனும் எழுத்தும் கொண்ட நடுகல் ஒன்று அங்கே இருப்பதாகத் தொல்லியல் பதிவேட்டில் பழைய குறிப்பு உண்டு. பின்னால் பார்வையிட வந்தவர் அதன் கீழே 'காணவில்லை' என்று எழுதிவிட்டார். இல்லாத கல்லுக்காகச் சாலையை எப்படித் திருப்புவது என்று பொறியாளர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

மேடம் பழைய குறிப்பின் நகலோடு என்னையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். அது சொன்ன இடத்தில் வேடியப்பன் சாமி இருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள், இடுப்பில் வேட்டி, முகத்தில் வெள்ளிக் கண். சாமியைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துத் தருவதாகச் சாலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஊராரும் அரைமனதாய்த் தலையாட்டியிருந்தார்கள். வேட்டியை விலக்கிப் பார்த்துவிட எனக்குக் கை பரபரத்தது.

"உங்க வேட்டிய யாராவது இழுத்துப் பார்த்தா சும்மா இருப்பீங்களா சார்? சாமி குளிக்கிற அன்னிக்கு வரலாம்" என்றார் மேடம்.

ஆடி கடைசி வெள்ளியில்தான் பழைய மஞ்சளைச் சுரண்டிக் கழுவுவோம் என்றார் பூசாரி முனிசாமி. அதுவரை பொக்லைன் வரக் கூடாது. மேடம் பொறியாளர் அலுவலகத்துக்கு விடாமல் நடந்தார். கடைசியில் அவரையே திருவிழாவுக்கு அழைத்துவிட்டார்.

அன்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சள் கரைந்து முதலில் வில் தெரிந்தது, பிறகு தலைக்கு மேலே எழுத்து. காணவில்லை என்று எழுதிய கல் இதுதான் என்று, செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பொறியாளரின் கையில் மேடம் பழைய குறிப்பைக் கொடுத்தார். முனிசாமிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"எங்க சாமி எப்பம்மா காணாம போச்சு?"

"போகலண்ணா. வந்தவரு உங்கள கேக்கல, அவ்ளோதான்."

பதிவேட்டில் திருத்தம் ஏறிவிட்டது. சாலை அங்கே வளைந்துதான் போகிறது. பஸ்ஸில் தூங்கி வருகிறவர்கள் அந்த வளைவில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, டிரைவரைத் திட்டிவிட்டு மறுபடி தூங்குகிறார்கள். நான் தூங்குவதில்லை. 'காணவில்லை' என்று எழுதுமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கமும், வளைவில் உடம்பு சாயும் அந்த ஒரு கணமும் மேடம் எனக்கு விட்டுப்போனவை.