பஸ் ஸ்டாண்டில் வந்த அழைத்தல்

என்னுடைய பழைய கண்டக்டர் பையின் உள்ளறையில் ஒரு விண்ணப்பத் தாள் இருக்கிறது. மடிப்புகளில் கிழிந்துபோய், பின்பக்கம் வேறு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். துறவற மடம் ஒன்றில் சேர்வதற்காக இருபத்திரண்டு வயதில் நான் நிரப்பியது. பெயர், ஊர், ஞானஸ்நானம் பெற்ற கோயில் எல்லாம் முறையாக எழுதியிருக்கிறேன். மூன்றாவது கேள்வி இது: 'தேவ அழைத்தல் உமக்கு உண்டென்று எங்ஙனம் அறிந்தீர்?' அதற்கு நேரே என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரை மணிக்கு ஒரு பெண் என்னைச் சாமி என்று அழைத்தாள்.'

நான் பிறந்தது தெற்கே செம்மணல் தேரிக்காட்டில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா இறந்தார், வீட்டில் அரிசி இல்லை, அவ்வளவுதான் காரணம். பிறகு உப்பளம், மதுரையில் ஓட்டல், வால்பாறையில் தேயிலைத் தோட்டம், நடுவில் இன்னும் என்னென்னவோ, கடைசியாக லாரி கிளீனர். எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. ஏலே, டேய், கிளீனர் என்பவைதான் அந்த ஆண்டுகளில் என் பெயர்கள். வால்பாறையில் இருந்தபோதே மடத்தில் சேரலாமா என்றொரு எண்ணம் மனதில் விழுந்திருந்தது. அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், திருப்பூருக்கு வரும் பஸ்ஸில், இறங்குகிற இடத்தில் ஓர் அடையாளம் காட்டும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டேன். இறங்கி விழித்துக்கொண்டு நின்றேன். கொய்யாப்பழக் கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "எங்க போகோணும் சாமி? வழி தெரியாம நிக்கறீங்களா?" என்றாள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சாமி என்றால் இரண்டே பேர். கோயிலுக்குள் இருக்கும் ஆண்டவர், அவருக்குப் பூசை வைக்கும் சாமியார். எனக்குப் பின்னால் சாமியார் யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நொய்யல் கரையில் ஒரு சலவைப் பட்டறையில் வேலை கிடைத்தது. பனியன் துணியைத் தொட்டியில் போட்டு மிதித்து வெளுக்கிற வேலை. இரண்டே வாரத்தில் கால்விரல் இடுக்குகள் வெந்து, தோல் தானாகவே உரிந்தது. எல்லோருக்கும் அப்படித்தான். அந்த ஊர்க் கோயிலின் பங்குச் சாமியாரிடம் போய் என் அழைத்தலைச் சொன்னேன். அந்தப் பங்கிலிருந்து பல ஆண்டுகளாக யாரும் துறவறத்துக்குப் போனதில்லை. அவர் முழுக் கதையையும் கேட்கக்கூட இல்லை. விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, மறு ஞாயிறே பூசையில் அறிவித்துவிட்டார். இரண்டு வாரத்தில் மடத்துத் தலைவர் என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அந்த நாள்களில்தான் செக்கிங் அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். பனியன் கம்பெனி ஒன்றில், தைத்து முடித்த பனியன்களை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை பார்க்கும் வேலை அவருக்கு. அவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலுக்குப் பின்னால் வாகை மரத்தடியில் வேலைக்குப் போகும் வாலிபர்களைக் கூட்டி உட்கார வைப்பார். மடமா, கல்யாணமா, எந்தத் தொழில் என்று தெரியாமல் தவிக்கிற ஏழெட்டுப் பேர். பிரசங்கம் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இந்த வாரம் எந்த நேரத்துல உங்களுக்குச் சங்கு கேக்கலீங்க?" திருப்பூரில் அப்போது எல்லோருடைய காதும் மில் சங்கின்மேல்தான் இருந்தது. சோற்றுக்கு ஒரு சங்கு, வேலை விட ஒரு சங்கு, ஞாயிறன்றும் ஊதும். எதைச் செய்கையில் சங்கு ஊதியது தெரியாமல் போகிறதோ, அதைக் கவனித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பதில் சொல்லத் தெரியாதவர்கள் அடுத்த வாரம் சொல்லலாம்.

என் முறை வந்தபோது, எனக்கு அந்தக் கேள்வி தேவையில்லை என்ற மிதப்பில் பஸ் ஸ்டாண்ட் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் மரத்தடி மொத்தமும் சிரிப்பில் உருண்டது. பனியன் மடித்து அடுக்கும் வேலை பார்த்த ஒருவன், "அண்ணா, எங்கூட்டு எருமைக்கும் அழைத்தல் இருக்குதுங்க! எங்கம்மா அதையும் வா சாமி, நில்லு சாமின்னுதான் கறக்கறாங்க" என்றான். இந்த ஊரில் பெரியவர்களையும் சாமி என்பார்கள், பிள்ளைகளையும் சாமி என்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பூசையில் அறிவிப்பு வந்து மூன்று நாள் ஆகியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று காலைதான் வந்திருந்தது. மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூப்பிட்டது கொய்யாப்பழக்காரம்மா. செரி. நீங்க ஏனுங்க அப்படிச் சிலுத்துப் போனீங்க?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை. நானும் யோசித்துத்தான் சொன்னேன்: "அதுவரைக்கும் என்னைய யாரும் மரியாதையாக் கூப்பிட்டதில்லக்கா." அவர் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். "எட்டாவது படிச்சவங்கள அங்க பூசை வெக்கற சாமியாரா ஆக்க மாட்டாங்க, பிரதராத்தான் சேத்துவாங்க. யாரும் உங்களச் சாமின்னு கூப்புட மாட்டாங்க, பிரதர்ம்பாங்க. அப்பவும் போவீங்களா?" எழுதிய வரியை அடித்துவிடப் பேனாவைக் கேட்டேன். அவர் தரவில்லை. "நடந்தது நடந்ததுதானுங்க. அது இருக்கட்டும். ரெண்டு வாரம் சங்கக் கவனிங்க."

கவனித்தேன். பட்டறையில் எனக்கு ஒவ்வொரு சங்கும் கேட்டது. ஊதுவதற்குக் கால்மணி முன்பிருந்தே கேட்டது. கோயிலில் முழங்கால் போட்டிருக்கும்போதும் தெளிவாகவே கேட்டது. அது எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை, சோற்று நேரத்தில் சோப்பு வாங்கப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். தெற்குப் பேச்சு காதில் விழுந்தது. புருசன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு தகரப்பெட்டி. குன்னத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துத் தெரியாது, இரண்டு முறை பஸ் மாறி ஏறி, இரண்டு முறை இறக்கிவிடப்பட்டிருக்கிறார்கள். சரியான பஸ்ஸைப் பிடித்து, கண்டக்டரிடம் சண்டை போட்டு இடம் வாங்கினேன். எந்த நிறுத்தம் என்று அவருக்கும் தெரியவில்லை என்றதும் நானும் ஏறிக்கொண்டேன். பெருமாநல்லூர் தாண்டி நாலு இடத்தில் விசாரித்து, தோட்டத்து வாசலில் அவர்களை விட்டுவிட்டுத் திரும்பினால் பட்டறை வாசலில் மேஸ்திரி நிற்கிறார். "ஏப்பா, ரெண்டு சங்கு ஊதுச்சே, காதுல உழுகலயா?" அப்போதுதான் உறைத்தது. விழவில்லை. முதல் சங்கு ஊதும்போது பஸ் ஸ்டாண்டில்தான் நின்றிருந்தேன், அதுகூட விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மடத்துத் தலைவர் வந்தார். மூன்றாவது கேள்விக்கான பதிலை இரண்டு முறை படித்தார், சிரிக்கவில்லை. கொய்யாப்பழக்காரியையும் குன்னத்தூர்க் குடும்பத்தையும் அப்படியே சொன்னேன். "எங்கள் மடத்தில் அனுமதியில்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. ஆயுள் முழுக்க. உன்னால் முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை. பங்குச் சாமியாருக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. "பூசையில சொல்லியாச்சு. சனங்ககிட்ட நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?" கதவோரம் நின்றிருந்த அக்கா சொன்னார்: "இன்னொருக்கா சொல்லிப்போடுங்க சாமி. பையனுக்கு அழைத்தல் இருக்குது, அது பஸ் ஸ்டாண்டுலதான் இருக்குதுன்னு." தலைவர் அப்போது சிரித்தார். தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

மறு ஞாயிறு கோயில் வாசலில் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். ஊரை விட்டுப் போய்விடுவது என் வழக்கம், பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். பிறகு அவிழ்த்தேன். திங்கட்கிழமை ஒரு பஸ் முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். பஸ் கழுவுவதில் தொடங்கி, கண்டக்டராகி, திருப்பூர், பெருமாநல்லூர், குன்னத்தூர் என்று ஒரே ரோட்டில் முப்பத்தோரு வருடம் ஊர் சுற்றினேன். ஏறுகிற ஒவ்வொருவரையும், காலில் செருப்பில்லாதவரையும், வாங்க சாமி என்றுதான் கூப்பிட்டேன். எருமை ஜோக் அடித்தவன் சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போனான். இன்று அவரை எல்லோரும் சாமி என்கிறார்கள், நான் உட்பட. அவருக்குத்தான் சிரிப்பு வந்துவிடுகிறது. ஊருக்கெல்லாம் வழி காட்டுகிறாயே, உனக்கு மடமுமில்லை மாப்பிள்ளையுமில்லையே என்று அக்காவைக் குத்திப் பேசுவார்கள். "ஞாயித்துக்கிழம மூணு மணிக்கு எனக்குச் சங்கு கேக்கறதில்லீங்க" என்பார். சாகிற வரை அவருக்கு அது கேட்கவில்லை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில், கம்பெனி வேன்களுக்கு நடுவே, வடநாட்டு வாலிபர் ஒருவர் கையில் துண்டுச் சீட்டோடு விழித்துக்கொண்டு நின்றார். "எங்க போகோணும் சாமி?" என்றேன். அந்த ஒரு சொல் மட்டும் புரிந்திருக்க வேண்டும். தனக்குப் பின்னால் யாரோ சாமியார் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். அவரைப் பெருமாநல்லூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, அந்தத் தாளை எடுத்து மூன்றாவது கேள்விக்கு நான் எழுதியதைப் படித்தேன். அதில் திருத்த ஒன்றுமில்லை.