பின்சீட்டில் இடது மூலை

எங்கள் கீழ்வீட்டுத் தையல்காரிக்கு அவள் கூடப்பிறந்த தம்பி வைத்த பட்டம் ‘லோடு’. தம்பியின் பெண்டாட்டியில் தொடங்கி எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் இப்போது அதுவே அவள் பெயர். அந்தத் தம்பியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவன்தான் வீட்டுக்காரன், நான் மாடியில் வாடகைக்கு இருக்கிற ஆள். வாயைத் திறந்தால் சாமானைக் கட்ட வேண்டியதுதான்.

பட்டம் வந்தது வண்டியால். ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி, ஏற்கெனவே யாரோ ஓட்டித் தள்ளியது. அதை வாசலில் நிறுத்திவிட்டு, ஊரையே விலைக்கு வாங்கியவன் மாதிரி சாவியைச் சுழற்றினான். குடும்பம் ஏறியது. கடைசி வரிசையில் இடது மூலை அக்காவுக்கு. முதல் பள்ளத்திலேயே பின்பக்கம் ‘தடக்’கென்று இடித்தது. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டி ஆட்டத்தை நிறுத்தவில்லை. இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்தின் பக்கம் அமுங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

“எங்கக்கா ஏறினா வண்டிக்கே மூச்சு வாங்குது பாரு” என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அவள் பருமன்தான். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள் வேறெப்படி இருப்பாள்? அவள் ஏறாத நாளிலும் அந்த வண்டி சாய்ந்துதான் நின்றது. சிரிக்க ஒரு சாக்கு கிடைத்த பிறகு எவன் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பான்? அவளும் பார்க்கவில்லை. தன்னால்தான் அமுங்கிவிட்டது என்று மனதார நம்பினாள்.

தம்பி மகளை வளர்த்தது அவள்தான். காய்ச்சலென்றால் பக்கத்தில் விழித்திருந்ததும், தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியதும் அத்தை. அந்தப் பெண்ணுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் விட்டுவர எல்லோரும் கிளம்புவதாக ஏற்பாடு. அவள் படுக்கப்போகிற கட்டிலில் தான் தைத்த விரிப்பைத் தன் கையால் விரித்துவிட்டு வர வேண்டும், அத்தைக்கு அது ஒன்றுதான் ஆசை.

“மலைப்பாதை அக்கா. உன்னையும் ஏத்தி, சாமானையும் ஏத்தினா வண்டி தாங்காது” என்றான் தம்பி.

அன்றோடு ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பயணத்துக்கென்று தைத்த உடையைப் பக்கவாட்டில் பிடித்துப் பிடித்துத் தைத்தாள். “பாருங்க, மறுபடியும் தொளதொளன்னு ஆயிடுச்சு” என்று என்னிடம் காட்டும்போது முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது, அவளையல்ல.

பயணத்துக்கு முன் வண்டி பட்டறைக்குப் போனது. திரும்பக் கொண்டுவந்த மெக்கானிக், உடைந்த இரும்புத் துண்டு ஒன்றை வாசலிலேயே தம்பியிடம் நீட்டினார்.

“இடது பின் ஸ்பிரிங் சார், ரெண்டா உடஞ்சு கிடந்துச்சு. ஷாக் அப்சார்பர்ல எண்ணெயெல்லாம் ஒழுகி வெறும் குழாயாத்தான் இருந்துச்சு. ரெண்டையும் மாத்திட்டேன். உடஞ்ச எடத்துல எவ்வளவு துரு பாருங்க. நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே உடஞ்சது. ஆளே ஏறலேன்னாலும் சாயும்.”

கேட்டருகில் நின்ற அக்கா, “அப்ப நான் இல்லையா?” என்றாள்.

“என்னம்மா?” என்றார் மெக்கானிக்.

“ஒண்ணுமில்லீங்க.” அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

தம்பி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஏற்கெனவே செத்துக் கிடந்ததுக்கு எங்கக்கா காரியமே பண்ணி முடிச்சுட்டா” என்றான். மறுபடி சிரிப்பு.

“இப்ப நான் வரலாமில்லடா?”

“புது ஸ்பிரிங் அக்கா. வந்ததும் வராததுமா அதுக்கு ஏன் இந்தச் சோதனை?”

அவள் தம்பி மகளைப் பார்த்தாள். அந்தப் பெண் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்பா வாய் சும்மா இருக்காது அத்தை. அங்க எல்லார் முன்னாடியும் லோடுன்னு கூப்பிடுவாரு. எனக்குத்தான் அசிங்கம். நீ வராத.”

புறப்படும் காலையில் அந்த இடது மூலையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ், இரும்புப் பெட்டி, புத்தகக் கட்டுகள் எல்லாம் ஏறின. ஏற்றியவள் அவள்தான், தம்பிக்கு இடுப்பு வலியாம். மேலே விரிப்பை மடித்து வைத்தாள். தம்பி பெண்டாட்டி அதை எடுத்து மதில்மேல் போட்டாள். “இதெல்லாம் அங்கயே வாங்கிக்கலாம் அண்ணி. இடமில்ல.”

வண்டி கிளம்பியது. தெருமுனைப் பள்ளத்தில் சத்தமே இல்லாமல் இறங்கி ஏறி, இரண்டு பக்கமும் ஒரே உயரமாக, நேராகப் போனது.

எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், கலகலப்பாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

“பாத்தீங்களா! லோடு இறங்கினதும் வண்டி எவ்வளவு நேரா போகுது!”

அவள் மதில்மேலிருந்த விரிப்பை எடுத்துத் தூசி தட்டினாள்.

“ஆமாங்க” என்று சிரித்தாள்.